போர் முடிந்து வீடு திரும்பும் வீரர்களைப் பற்றிய பழைய படங்களில் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?

1946-இல் வந்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. வில்லியம் வைலர் இயக்கிய கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும், அதில் ஒரு போர்க்களக் காட்சிகூடக் கிடையாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று பேர் ஒரே விமானத்தில் ஊர் திரும்புகிறார்கள். ஒரே ஊர்க்காரர்கள்தான், ஆனால் முன்பின் பழக்கமில்லை. வங்கி வேலையை விட்டுத் தரைப்படையில் சார்ஜண்டாக இருந்த ஆல், விமானப்படை கேப்டன் ஃபிரெட், இரண்டு கைகளும் போய்க் கொக்கிகளோடு வரும் கடற்படைக்காரன் ஹோமர். படையில் சார்ஜண்டைவிட கேப்டன் உசத்தி. ஊருக்குள் டாக்சி நுழைந்ததுமே அது தலைகீழாகிவிடும். ஆல் இறங்குவது பணக்கார அடுக்குமாடிக் குடியிருப்பில், ஃபிரெட் போவது தண்டவாளத்தை ஒட்டிய குச்சுவீட்டுக்கு.

இந்தப் படம் என்றாலே ஹோமரைப் பற்றித்தான் பேசுவார்கள். நியாயம்தான். அவனாக நடித்த ஹெரால்டு ரசல் நடிகரே அல்ல. 1944-இல் ராணுவப் பயிற்சியின்போது வெடிபொருள் வெடித்து நிஜமாகவே இரு கைகளையும் இழந்தவர். இந்த ஒரே பாத்திரத்துக்காக இரண்டு ஆஸ்கர் வாங்கினார், சிறந்த துணை நடிகருக்கு ஒன்று, கௌரவ விருதாக ஒன்று. கொக்கியால் தீக்குச்சி உரசிப் பற்றவைப்பவன், இரவில் அந்தக் கொக்கிகளைக் கழற்றிவிட்டால் அறைக்கதவு மூடிக்கொண்டால்கூடத் திறக்க முடியாது என்று காதலியிடம் சொல்லும் இடம் ஒன்று வருகிறது. இரக்கத்தைப் பிழிந்தெடுக்க எத்தனை வசதியான இடம்! வைலர் அதைச் செய்யவில்லை.

ஆனால் என்னைக் கேட்டால் இது சம்பளத்தைப் பற்றிய படம். ஜெர்மனி மேல் குண்டு போட்டவனுக்கு ஊரில் என்ன வேலை கிடைக்கும்? எந்த மருந்துக் கடையில் சோடாவும் ஐஸ்கிரீமும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தானோ, அங்கேயே வாரம் 32.50 டாலருக்குத் திரும்பப் போகிறான் ஃபிரெட். சீருடையைப் பார்த்துக் கட்டிக்கொண்ட மனைவிக்கு அந்தக் காசு எந்த மூலைக்கு? ஆலுக்கோ வங்கியில் பதவி உயர்வே கிடைக்கிறது, முன்னாள் வீரர்களுக்குக் கடன் கொடுக்கும் பிரிவில். அடமானமாகக் காட்ட எதுவும் இல்லாத ஒருவன் நிலம் வாங்கக் கடன் கேட்டு வருகிறான். ஆல் கொடுத்துவிடுகிறார், மேலிடம் முனகுகிறது. வங்கி மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

வைலர் போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்களில் ஏறி ஆவணப்படம் எடுத்தவர், ஒரு காதின் கேட்கும் திறனையும் அதில் பறிகொடுத்தவர். அதனாலோ என்னவோ, காயலான் கடைக்குப் போகக் காத்திருக்கும் விமானம் ஒன்றுக்குள் ஃபிரெட் ஏறி உட்காரும் காட்சியில் மற்ற எங்கும் இல்லாத ஒரு வேகம். அதுகூடக் கடைசியில் வேலையில்தான் போய் முடிகிறது. அந்த விமானங்களை உடைத்து வீடு கட்டப் பயன்படுத்துகிறவர்களிடமே ஃபிரெட் வேலை கேட்கிறான்.

குறை இல்லாமல் இல்லை. ஃபிரெட்டின் மனைவியைக் கெட்டவளாகக் காட்டியது கதாசிரியரின் சௌகரியத்துக்காக. அவளை விட்டு விலக அவனுக்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். போருக்குப் போய்வந்த கறுப்பினத்தவரின் கதைக்கும் இதில் இடமில்லை.

அப்புறம், தயவுசெய்து செல்போனில் பார்க்காதீர்கள். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் முன்னால் இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் ஒரே தெளிவோடு எடுப்பவர். மதுக்கடையில் முன்னால் ஹோமர் கொக்கிகளால் பியானோ வாசிப்பான். கோடியில், போன் கூண்டுக்குள், தான் காதலிக்கும் ஆலின் மகளிடம் போனிலேயே உறவை முறித்துக்கொண்டிருப்பான் ஃபிரெட். இரண்டுக்கும் நடுவே நின்று ஆல் மாறி மாறிப் பார்ப்பார். சின்னத் திரையில் அந்தக் கூண்டு கண்ணிலேயே படாது.