கணினி கேள்வி–பதில்: வேகம் கூட்டிய கணினியும் இருண்ட திரையும்

மேசைக் கணினியின் வேகத்தைக் கூட்டுவது, கூட்டியபின் வரும் கோளாறுகளைச் சரிசெய்வது ஆகியவை பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: ஐயா, என் கணினியில் ரைசன் 5 3600 பிராசசரும் பி450 வகை மதர்போர்டும் 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 ராமும் உள்ளன. ராம் 3200 என்று விற்கப்பட்டது. பயாஸில் அதை 3600 என்று மாற்றிச் சேமித்தேன். அன்று முதல் விசிறிகள் சுற்றுகின்றன, ஆனால் டிஸ்பிளே வருவதில்லை. மதர்போர்டின் ஓரத்தில் டிராம் என்று குறித்த இடத்தில் ஒரு சிறு விளக்கு மட்டும் அணையாமல் எரிகிறது. கடையில் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மைதானா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்குப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகளில் போர்டு செத்துவிட்டதற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. மின்சாரம் வந்து, போர்டு விழித்து, தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, ராம் கட்டத்தில் நின்றுவிட்டது என்பதைத்தான் அந்த விளக்கு சொல்கிறது. ராமின் வேகத்தை மாற்றிய உடனே இது நேர்ந்திருப்பதால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

நீங்கள் எழுதிய 3600 என்ற எண், மின்சாரத்தை நிறுத்தினாலும் அழியாதபடி பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளில் சேமிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் போர்டு அந்த வேகத்தில் ராமோடு பேச முயன்று தோற்கிறது. சில போர்டுகள் சில முறை தோற்றபின் தாமாகவே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். ஆகவே ஒருமுறை இயக்கிவிட்டு, பத்து நிமிடம் கை வைக்காமல் காத்திருந்து பாருங்கள். அப்போதும் திரும்பவில்லையென்றால், அந்த எண் தங்கியுள்ள சிமோஸ் அமைப்பை (பேட்டரி காத்துவைக்கும் சிறு நினைவகம்) நாமே அழிக்க வேண்டும். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கணினியின் பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி மீதமுள்ள மின்சாரத்தை வடியவிடுங்கள். பிறகு போர்டில் உள்ள வட்டமான பேட்டரிக்கு அருகிலோ கீழ் ஓரத்திலோ இரண்டு சிறு ஊசிகள் தனியாக நிற்கும். எந்த ஊசிகள் என்பது போர்டின் கையேட்டில் படத்துடன் இருக்கும். அவற்றை ஜம்பர் என்ற சிறு இணைப்பு மூடியாலோ திருப்புளி முனையாலோ பத்து விநாடி இணைத்துவிட்டு எடுங்கள். ஊசிகள் கண்ணுக்கு அகப்படவில்லையென்றால் பேட்டரியைக் கழற்றி ஐந்து பத்து நிமிடம் கழித்து மாட்டினாலும் பலன் பெரும்பாலும் ஒன்றுதான்.

இதற்குப் பின்னும் அதே விளக்கு எரிந்தால் ஒரே ஒரு ராமை மட்டும் மாட்டுங்கள். நான்கு ராம் இடங்கள் உள்ள போர்டுகளில் பிராசசர் பக்கத்திலிருந்து இரண்டாவது இடமே பெரும்பாலும் முதலில் பயன்படுத்த வேண்டியது. ஒரு ராமில் ஓடி மற்றதில் ஓடாவிட்டால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. ராமை ஓர் இடத்தில் ஏற்று மற்றோர் இடத்தில் மறுத்தால் அந்த இடத்தில் தூசியோ வளைந்த முனையோ இருக்கலாம். ராமின் பொன்னிற முனைகளை மென்மையான அழிப்பானால் துடைப்பது நம் ஊர்ச் சர்வீஸ்காரர்களின் பழைய வழக்கம். அது பலமுறை வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் உதிரும் துகளை முழுவதும் ஊதி நீக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

பிராசசரைக் கழற்றிப் பார்க்க வேண்டிய நிலை வந்தால் மட்டும் மிகுந்த கவனம் தேவை. உங்கள் பிராசசரில் ஊசிகள் அதன் அடியிலேயே உள்ளன. காய்ந்த தெர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் களிம்பு), பிராசசர் மேல் அமரும் உலோகக் குளிர்விப்பானான ஹீட்சிங்கைப் பசைபோலப் பிடித்திருக்கும்போது நேராக இழுத்தால், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து பிராசசரே பெயர்ந்து வந்து ஊசிகள் வளைந்துவிடும். ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி தளர்ந்தபிறகே தூக்குங்கள். இன்னொன்று: உங்கள் பிராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. கழற்றி மாட்டிய அவசரத்தில் மானிட்டர் கம்பியைப் போர்டில் செருகிவிட்டு, டிஸ்பிளே இல்லை என்று கலங்குபவர்கள் பலர். கம்பி கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்க வேண்டும்.

கணினி மீண்டதும் 3600 வேண்டாம். ராமின் மேல் எழுதியுள்ள 3200 என்பதே பெரும்பாலும் ஒரு வகை ஓவர்கிளாக்தான் (இயல்பான அளவுக்கு மேல் வேகம் ஏற்றுவது) என்பது பலருக்குத் தெரிவதில்லை. டிடிஆர்4 ராமுக்குத் தரநிலை மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் பயாஸில் தேர்ந்தெடுத்தால்தான் அது பெரும்பாலும் 1.35 வோல்ட்டுக்கு ஏறி, விற்ற வேகத்தில் ஓடும். அதற்கும் மேலே ஏற்றும்போது ராம் சில்லுகள் மட்டுமல்லாமல், பிராசசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதியும் அந்த வேகத்துக்கு ஒத்துவர வேண்டும். உங்கள் பிராசசருக்கு அதன் நிறுவனமான ஏஎம்டி அறிவித்த வரம்பும் 3200தான்.

கேள்வி: ஓவர்கிளாக் என்பது உண்மையில் என்ன? என்னிடம் உள்ள பழைய கோர் ஐ5 2500 கணினியில் அதைச் செய்யலாமா? போர்டு எச்61 வகை.
– வாசகர், சேலம்

பதில்: பிராசசரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு ஒன்று. பிராசசருக்குள் உள்ள பெருக்கி மற்றொன்று. உங்களுடையதில் 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 33ஆல் பெருக்கி 3.3 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கிறது. இவற்றில் ஒன்றை, நிறுவனம் வைத்த அளவுக்கு மேல் ஏற்றுவதே ஓவர்கிளாக். இது ஏன் சாத்தியமாகிறது என்றால், ஒரே சிலிக்கான் தட்டில் விளையும் சில்லுகள் எல்லாம் ஒரே தரத்தில் வருவதில்லை. எல்லாச் சில்லும் எல்லாச் சூழலிலும் பிழையின்றி ஓட வேண்டும் என்பதற்காக நிறுவனம் சற்றுத் தாழ்வான எண்ணையே அச்சிட்டு விற்கிறது. இடையில் உள்ள அந்த மிச்சத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 1998இல் வந்த செலரான் 300ஏ. 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பும் 4.5 பெருக்கியுமாக 300 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய அந்த மலிவான சில்லு, துடிப்பை 100 ஆக மாற்றியதும் பெரும்பாலும் தயங்காமல் 450இல் ஓடியது. ஒன்றரை மடங்கு வேகம் செலவில்லாமல் கிடைத்த காலம் அது. அந்தக் காலத்தின் நினைவில்தான் பலர் இன்றும் ஓவர்கிளாக்கிடம் பெரிதாக எதிர்பார்க்கிறார்கள்.

உங்கள் கணினிக்கு என் பதில், வேண்டாம் என்பதே. 2011இல் வந்த அந்தத் தலைமுறையில் பெருக்கியை விருப்பம்போல் மாற்றும் உரிமை பெயரின் இறுதியில் கே என்ற எழுத்து உள்ள சில்லுகளுக்கே தரப்பட்டது. அதற்கும் பி67, இசட்68 போன்ற போர்டுகள் வேண்டும். எச்61இல் அது நடக்காது. துடிப்பை ஏற்றலாமே என்றால், அதே துடிப்பிலிருந்துதான் ஹார்டு டிஸ்கையும் கார்டுகளையும் இணைக்கும் சாட்டா, பிசிஐ எக்ஸ்பிரஸ் ஆகியவையும் தங்கள் வேகத்தைப் பெறுகின்றன. நான்கைந்து மெகாஹெர்ட்ஸ் கூட்டினாலே ஹார்டு டிஸ்கில் பிழை தொடங்கக்கூடும். இன்னும் வன்தட்டில் இயங்குகிறீர்கள் என்றால் ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள். எந்த ஓவர்கிளாக்கும் தராத மாற்றத்தை அது தரும்.

கேள்வி: கோடை தொடங்கியதிலிருந்து விளையாட்டு ஓடும்போது இருபது நிமிடத்துக்குப் பின் வேகம் திடீரெனச் சரிகிறது, பிறகு தானே மீள்கிறது. பிராசசரின் வெப்பம் 72 டிகிரிதான் காட்டுகிறது. சென்ற மாதம் பிராசசரை 3.6இலிருந்து எல்லா உட்கருக்களிலும் (கோர்) 4.2 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, மின்னழுத்தத்தை 1.2இலிருந்து 1.35 வோல்ட்டாக வைத்தேன். வெப்பத்துக்குப் பயந்து கூடவே தண்ணீர்க் குளிர்விப்பானும் பொருத்தினேன். பிறகும் ஏன் இப்படி?
– வாசகர், வேலூர்

பதில்: கடிதத்தின் கடைசி இரண்டு வாக்கியங்களிலேயே விடை இருக்கிறது. முதலில் கணக்கைப் பாருங்கள். பிராசசர் செலவிடும் மின்சாரம் வேகத்தோடு நேராகக் கூடுகிறது. மின்னழுத்தத்தோடு வர்க்கமாகக் கூடுகிறது. நீங்கள் வேகத்தை ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 17 சதவீதம் கூட்டினீர்கள். மின்னழுத்த விகிதமான 1.125ஐ வர்க்கப்படுத்தி அதோடு பெருக்கினால் மின்செலவு ஏறத்தாழ 48 சதவீதம் கூடியிருக்கிறது. 17 சதவீத வேகத்துக்குக் கொடுத்த விலை அது.

அந்தக் கூடுதல் மின்சாரம் முழுவதும், எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டி தரும் 12 வோல்ட்டை ஒரு வோல்ட்டுச் சொச்சமாகக் குறைத்துத் தரும் பகுதி வழியாகவே பிராசசருக்குப் போகிறது. பிராசசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் சிறு கறுப்புச் சதுரங்களும் கனசதுரச் சுருள்களும் சேர்ந்ததே அது, வீஆர்எம் என்பார்கள். மலிவான போர்டுகளில் அதற்கு ஹீட்சிங்க்கூட இருக்காது. பிராசசரோடு வரும் சாதாரண விசிறி காற்றைக் கீழ்நோக்கி ஊதும்போது அந்தக் காற்று சுற்றிலும் பரவி வீஆர்எம்மையும் தணித்துக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குளிர்விப்பான் பிராசசரின் வெப்பத்தைக் குழாய் வழியே கேபினட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. பிராசசர் குளிர்ந்தது, அதன் அக்கம்பக்கத்துக்குக் காற்றே இல்லாமல் போனது. வீஆர்எம் தன் வரம்பைத் தொட்டதும் போர்டு தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசசரின் வேகத்தை இறக்குகிறது. அதைத்தான் நீங்கள் காண்கிறீர்கள்.

எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வீஆர்எம் அல்லது மாஸ்பெட் என்ற பெயரில் வெப்ப அளவு வருகிறதா என்று பாருங்கள். எல்லாப் போர்டும் அதைக் காட்டுவதில்லை. காட்டாவிட்டால் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை அந்தப் பகுதிக்கு நேராக வைத்து அதே விளையாட்டை ஓட்டுங்கள். சரிவு நின்றால் காரணம் உறுதியாகிவிடும். நிலையான தீர்வு மின்னழுத்தத்தைக் குறைப்பதே. 1.35ஐ 0.025 வோல்ட் வீதம் இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு மணி நேரம் சோதித்து, பிழை தோன்றும் இடத்துக்கு ஒரு படி மேலே நில்லுங்கள். 4.2 நிற்கவில்லையென்றால் 4.0 போதும். அறையே 38 டிகிரியில் இருக்கும் வேலூரின் மே மாதத்தில் எந்தக் குளிர்விப்பானும் அதற்குக் கீழே இறக்காது. மார்கழியில் நிலையாக நின்ற ஓவர்கிளாக் சித்திரையிலும் நிற்கும் என்று எண்ணாதீர்கள்.

கேள்வி: அச்சக வடிவமைப்பு வேலைக்கான கணினியில் ராம் வேகத்தைக் கூட்டியிருக்கிறேன். கணினி ஒருமுறைகூட நின்றதில்லை. ஆனால் சில நாளாகச் சுருக்கிய கோப்புகளை விரித்தால் பிழை என்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– அச்சகத் தொழிலர், சிவகாசி

பதில்: உண்டு என்றே கருதி, இந்த வரியைப் படித்ததும் வேலையை நிறுத்துங்கள். நீலத்திரை வந்து நின்றுபோகும் கணினியைவிட நிற்காமல் ஓடிக்கொண்டே பிழை செய்யும் கணினி ஆபத்தானது. ராமில் ஒரே ஒரு துகள் தகவல் மாறினாலும், அந்த மாறிய வடிவமே வட்டில் சேமிக்கப்படும். யாரும் எச்சரிக்க மாட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் கணினியில் நானே ராம் வேகத்தைக் கூட்டி, பத்து நிமிடம் சோதித்துவிட்டுக் கொடுத்தேன். அவர் வீட்டுத் திருமணப் படங்களில் பாதிக்கு மேல் கீழ்ப்பகுதி சாம்பல் நிறமாகிப்போனது, கேமரா அட்டையை அழித்தபிறகே தெரிந்தது. அந்தப் படங்களை மீட்க வழியில்லை. அதன்பின் வேலைக் கணினிகளில் ராமை ஓவர்கிளாக் செய்ய நான் யாருக்கும் சொல்வதில்லை.

பயாஸில் இயல்புநிலை அமைப்புக்குத் திரும்புங்கள். யுஎஸ்பி வழியாக ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை இயக்கி, நான்கு சுற்றும் முடியும்வரை, இரவு முழுவதும் ஆனாலும், விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். இயல்பு வேகத்திலும் பிழை வந்தால் ராமே பழுது. வாழ்நாள் உத்தரவாதத்துடன் விற்கப்பட்டவை பல, பில்லைப் பாருங்கள். பிழை தொடங்கிய நாளுக்குப் பின் எடுத்த காப்புப் பிரதிகளைப் பழையவற்றின் மேல் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: தினமும் காலையில் கணினியின் தேதி பல ஆண்டு பின்னோக்கிப் போய்விடுகிறது. போர்டு மாற்ற வேண்டுமா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம் அம்மா. போர்டின் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கிறது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி மாட்டி, பயாஸில் தேதியைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் எதையும் ஓவர்கிளாக் செய்யவில்லை. 14ஆம் தலைமுறை ஐ7 14700கே. பெரிய விளையாட்டுகளைத் திறக்கும்போது வீடியோ நினைவகம் போதவில்லை என்று சொல்லி மூடிக்கொள்கின்றன. கிராபிக்ஸ் கார்டை மாற்றியும் பார்த்துவிட்டேன்.
– மென்பொருள் பணியாளர், சென்னை

பதில்: கிராபிக்ஸ் கார்டு மீது பழி இல்லை. 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சில்லுகளில் பிராசசர் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு, காலப்போக்கில் தானே நலிந்துபோகும் குறையை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டது. அதற்கான மைக்ரோகோடு (பிராசசரின் உள் இயக்கத்தை நடத்தும் அடிப்படை நிரல்) திருத்தம் அந்த ஆண்டு ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற எண்ணுடன் வந்தது. பின்னரும் திருத்தங்கள் வந்தன. அவை உங்கள் போர்டு நிறுவனத்தின் புதிய பயாஸில் சேர்ந்திருக்கும். பயாஸைப் புதுப்பிக்கும்போது மின்தடை ஏற்பட்டால் போர்டே முடங்கலாம் என்பதால் யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். புதுப்பித்தபின் இன்டெல்லின் இயல்புநிலை அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். பல போர்டுகள் அதுவரை தாமாகவே மின்வரம்பை மிகைப்படுத்தி வைத்திருந்தன.

திருத்தம் மேலும் சேதமாவதைத் தடுக்கும். ஏற்கெனவே நலிந்த சில்லை அது மீட்காது. புதுப்பித்த பிறகும் விளையாட்டுகள் மூடிக்கொண்டால் உங்களுடையது நலிந்த சில்லாகவே இருக்கக்கூடும். பெட்டியில் வாங்கிய இந்தச் சில்லுகளுக்கு உத்தரவாதத்தை இன்டெல் இரண்டு ஆண்டு நீட்டி ஐந்து ஆண்டாக்கியுள்ளது. பில்லையும் பெட்டி மேல் உள்ள எண்ணையும் எடுத்துவைத்து, மாற்றுச் சில்லுக்கு விண்ணப்பியுங்கள். புதிய பயாஸை ஏற்றிய பிறகே அந்தச் சில்லைப் பொருத்துங்கள்.