மொத்த விற்பனைக்குத் தனி டொமைன்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறோம். ஒரே வெப்சைட்டில் சில்லறையும் மொத்த விற்பனையும் ஓடுகின்றன. தனி ஃபோல்டரில் உள்ள மொத்த விற்பனைப் பக்கங்களை மட்டும் புது டொமைனுக்கு மாற்ற வேண்டும். கூகுள் தேடலில் பின்தங்காமல் மாற்ற முடியுமா? – வாசகர், சென்னை-21

பதில்: முடியும். ஆனால் புதுப் பெயர் மேல் உள்ள ஆசை மட்டுமே காரணம் என்றால் வேண்டாம். சில வாரங்களாவது தரவரிசை ஏறி இறங்கும். தீபாவளி நெருக்கத்தில் தொடவே தொடாதீர்கள்.

நம் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கக் கூகுள் தரும் கருவி சர்ச் கன்சோல். அதில் உள்ள ‘முகவரி மாற்றம்’ வசதி முழு டொமைனும் இடம் மாறுபவர்களுக்கானது. நீங்கள் அதைப் பயன்படுத்தினால் சில்லறைப் பக்கங்களும் இடம் மாறியதாகக் கூகுளுக்குச் சொன்னதாகிவிடும். ஆகவே உங்களுக்கு 301 ரீடைரக்ட்தான் வழி. அதாவது, பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவது.

எக்செல்லில் பழைய முகவரி ஒரு பத்தி, அதற்கு நேர் புதிய முகவரி ஒரு பத்தி என்று முதலில் எழுதுங்கள். படங்கள், பிடிஎஃப் விலைப்பட்டியல் எதையும் விடாதீர்கள். சுங்குடிச் சேலைப் பக்கம் புது டொமைனின் சுங்குடிச் சேலைப் பக்கத்துக்கே போக வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பினால் ‘சாஃப்ட் 404’ (இல்லாத பக்கம் போன்றது) என்று கூகுள் ஒதுக்கிவிடும். சேர்த்த மதிப்பும் அதோடு போச்சு.

சோதனைக்கு 302 (தற்காலிக ரீடைரக்ட்) போடுங்கள். 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்வதால், தப்பைத் திருத்திய பிறகும் உங்களுக்குப் பழைய தப்பே தெரியும். சரிபார்த்ததும் 301-க்கு மாற்றுங்கள். பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நடுவில் வேறு முகவரி வராமல் ஒரே தாவலாக இருக்கட்டும்.

அடிக்கடி நடக்கும் கோளாறு: ‘இனி இது வேண்டாமே’ என்று பழைய ஃபோல்டரை ரோபோட்ஸ் கோப்பில் (எங்கே வரக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் robots.txt) தடுத்துவிடுவார்கள். கூகுள்பாட் (பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரல்) உள்ளே வர முடியாவிட்டால் ரீடைரக்ட் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? இன்னொன்று, பக்கங்களை அப்படியே காப்பி செய்யும்போது கனானிக்கல் டேக்கும் (இதுதான் முதன்மை முகவரி என்று கூகுளுக்குச் சொல்லும் குறி) பழைய முகவரியோடு வந்துவிடும். புதுப் பக்கம் பழையதைக் காட்ட, பழையது புதியதற்குத் திருப்ப, கூகுள் குழம்பும். புதுப் பக்கத்தின் கனானிக்கல் தன் முகவரியையே காட்ட வேண்டும்.

மெனு, சைட்மேப் (தேடுபொறிக்குத் தரும் பக்கப் பட்டியல்), கூகுள் பிசினஸ் இணைப்புகளையும் மாற்றுங்கள். டிசைனை இதோடு சேர்த்து மாற்றாதீர்கள். தரவரிசை சரிந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. பழைய ஃபோல்டரைச் சர்ச் கன்சோலில் தனியாகச் சேர்த்தால், அங்கே கிளிக் குறைவதும் புது டொமைனில் கூடுவதும் தெரியும்.

கேள்வி: ரீடைரக்டை எப்போது எடுக்கலாம்? – வாசகி, திருவொற்றியூர்

பதில்: குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். பழைய டொமைன் உங்கள் கையில்தான் இருக்கிறது என்றால் எடுக்கவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய லிங்க்கை அழுத்தி வருபவருக்கும் வழி வேண்டுமே!