அப்புறம்?

கேள்வி: போர் நடக்கும் இடங்களில் இருக்கும் குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் சேகரித்து அனுப்புவோம் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது சாப்பாடு, மருந்து, தலைக்கு மேல் ஒரு கூரை. கதை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: சாப்பாடு, மருந்து, கூரை மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பசியில் அழும் பிள்ளையின் கையில் புத்தகத்தைத் திணிக்கச் சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இரண்டு நாளாக என்னை விடவில்லை. அந்த ‘அப்புறம்’.

பெரியவர்கள் வாயில் அந்தச் சொல்லுக்கு ‘இப்போது கிடையாது’ என்று பொருள். பள்ளிக்கூடம் அப்புறம். விளையாட்டு அப்புறம். அப்பா எப்போது வருவார்? அதுவும் அப்புறம். போருக்குள் வளரும் பிள்ளை நாள் முழுக்கக் கேட்பது இந்த அப்புறத்தைத்தான். கதை கேட்கும் பிள்ளையின் வாயில் அதே சொல் எப்படி மாறுகிறது பாருங்கள். சொல்பவர் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினால் போதும், அதுவரை ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்த குரல் அவசரமாகக் கேட்கும்: “அப்புறம்?” அடுத்து ஒன்று வரும் என்று நம்புகிறவர்தான் அப்படிக் கேட்க முடியும். விடிந்தால் வீடு இருக்குமா என்று தெரியாமல் படுத்திருக்கும் பிள்ளையிடமிருந்து போர் முதலில் பறிப்பது அந்த நம்பிக்கையை.

சரி, பசிக்கும் கதைக்கும் வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த இடங்களில் ஒன்று டெரெசின், இன்றைய செக் நாட்டில் இருக்கிறது. அங்கே சிறுவர்கள் தங்கியிருந்த ஓர் அறையில் 1942 டிசம்பரில் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கியது. பெயர் ‘வெதெம்’. ‘முன்னே செல்கிறோம்’ என்று பொருள். ஆசிரியர் பெட்ர் கின்ஸ், வயது 14. அச்சு கிடையாது, நகல் எடுக்க வழியும் கிடையாது. இதழுக்கு ஒரே ஒரு பிரதி. வெள்ளிக்கிழமை மாலையில் பையன்கள் அடுக்குக் கட்டில்களில் கூடி உட்கார்ந்துகொள்ள, எழுதியவர்களே உரக்கப் படிப்பார்கள். கவிதை, கட்டுரை, கேலி, ஓவியம் எல்லாம் உண்டு. முகாமைச் சுற்றிப் பார்த்து எழுதிய செய்திகளும் உண்டு, பிணங்களை எரிக்கும் இடம் உட்பட.

ஒரு பத்திரிகைக்காரனாக என் தொண்டையை அடைக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராதவர்கள் எல்லாப் பத்திரிகைக்கும் உண்டு, அங்கேயும் இருந்தார்கள். ஆசிரியர் பெட்ர் என்ன செய்தான் தெரியுமா? பெற்றோர் பிராகிலிருந்து அனுப்பிய பொட்டலத்தில் இருந்த தின்பண்டத்தைக் கொடுத்து எழுத்து வாங்கினான். சாப்பாடு எப்போதும் போதாமல் இருந்த இடம் அது. தன் பங்கு தின்பண்டத்தைக் கொடுத்து அவன் வாங்கியது இன்னொரு பையனின் கட்டுரையை! எது முதலில், எது அப்புறம் என்ற உங்கள் வரிசையை ஒரு 14 வயதுப் பிள்ளை, பசியோடு உட்கார்ந்துகொண்டு, மாற்றி எழுதியிருக்கிறான். அந்த வரிசையை மாற்றும் உரிமை அவனுக்கு இருந்தது. வயிறு நிறைந்த உங்களுக்கும் எனக்கும் அவனுக்காக வரிசை போடும் உரிமை இருக்கிறதா என்றுதான் யோசிக்கிறேன்.

கதை அவனைக் காப்பாற்றவில்லை. 1944இல் அவனை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள், அப்போது வயது 16. அந்தப் பத்திரிகையோடு சேர்ந்திருந்த சுமார் 100 சிறுவர்களில் பிழைத்தவர்கள் 15 பேர் அளவில்தான். இலக்கியம் உயிரைக் காக்கும் என்று மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. குண்டு விழுவதைக் கதை நிறுத்தாது. ஆனால் உயிரோடு இருந்த அத்தனை வெள்ளிக்கிழமைகளிலும் அவர்கள் கைதி எண்ணாக இல்லை, எழுத்தாளர்களாக இருந்தார்கள். சுமார் 800 பக்கங்களை அவர்களில் ஒரு பையன் ஒளித்துவைத்துக் காப்பாற்றினான். யாருக்காக ஒளித்தான்? அப்புறம் வரப்போகிற நமக்காக.

அது ஒரு காலம் என்பீர்கள். சிரியாவில் தராயா என்ற ஊரைப் பாருங்கள். 2012 முதல் 2016 வரை முற்றுகையில் கிடந்தது. உணவு உள்ளே வருவதே அரிது. அங்கிருந்த இளைஞர்கள் இடிபாடுகளுக்குள் புகுந்து புத்தகம் பொறுக்கினார்கள், ஆயிரக்கணக்கில். இடிந்த ஒரு கட்டடத்தின் நிலவறையில் நூலகம் வைத்தார்கள். பிள்ளைகளும் வந்து படித்தார்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் எந்த வீட்டில் எடுத்தது, யாருடையது என்று பெயர் எழுதிவைத்தார்கள். போர் முடிந்து சொந்தக்காரர் திரும்பி வந்தால் கொடுக்க வேண்டுமாம்! மேலே விமானம், கீழே ஒருவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் பெயரைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். இவர்கள் சொன்ன அப்புறமும் உங்களுடையது மாதிரி இல்லை.

இதே கேள்வியை யெல்லா லெப்மனிடமும் கேட்டார்கள். ஹிட்லருக்குத் தப்பி ஜெர்மனியை விட்டு ஓடிய யூதப் பத்திரிகையாளர் அவர். போர் முடிந்ததும் அதே ஜெர்மனிக்குத் திரும்பி வந்தார். இடிந்த ஊர்களில் பிள்ளைகளைப் பார்த்தார். கையில் பணம் இல்லை, அதனால் பல நாடுகளுக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் நாட்டுக் குழந்தைப் புத்தகங்களை அனுப்புங்கள். பெல்ஜியம் முடியாது என்றது. ஜெர்மனியின் படையெடுப்பை இரண்டு முறை அனுபவித்த நாடு, சொல்லாதா பின்னே? அவர் மறுபடி எழுதினார். புத்தகம் வந்தது. 1946இல் மியூனிக்கில் கண்காட்சி, 1949இல் அங்கேயே சர்வதேச இளைஞர் நூலகம். சண்டை போட மறுத்து மரத்தடியில் பூ முகர்ந்துகொண்டிருக்கும் ஒரு காளையின் கதையைத் தானே மொழிபெயர்த்து, செய்தித்தாள் காகிதத்தில் 30,000 பிரதி அச்சடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

அந்தக் காளை எனக்கு ரொம்பப் பிடித்தவன். கொம்பு இருக்கிறது, கழுத்தில் பலம் இருக்கிறது, முட்ட மட்டும் மாட்டான். காளைச் சண்டை அரங்கில் கொண்டுபோய் விட்டால் நடுவில் உட்கார்ந்து, பெண்கள் தலையில் வைத்திருக்கும் பூ வாசத்தை இழுக்கிறான். ஈட்டிக்காரர் திட்டுகிறார், வாள்காரர் அழுகிறார், அவன் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கதை அவ்வளவுதான். கீழே ‘நீதி’ என்று தடித்த எழுத்தில் எதுவும் இல்லை.

குழந்தைக் கதை என்றால் முடிவில் நீதி இருந்தே ஆக வேண்டும் என்பவர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்குப் பல வருட வழக்கு. இன்றும் விடமாட்டேன். போர்ப் பகுதியில் இருக்கும் பிள்ளைக்கு ஏற்கெனவே எத்தனை கட்டளை! ஓடாதே, அழாதே, ஜன்னல் பக்கம் போகாதே, விளக்கைப் போடாதே. இதற்கு மேல் நரியும் முயலும் வந்து பெரியவர் சொல் கேள் என்று புத்தி சொல்ல வேண்டுமா? அந்தப் பிள்ளைக்கு வேண்டியது, நேற்றுக் கேட்ட அதே கதை, அதே வார்த்தையில். நரி ‘மெல்ல மெல்ல வந்தது’ என்பதை நீங்கள் ‘வந்தது’ என்று சுருக்கினால் எந்தப் பிள்ளையும் நிறுத்தித் திருத்தும். வீடு, தெரு, பக்கத்து வீட்டுத் தோழி எல்லாம் ஒரே இரவில் காணாமல் போன பிறகும், அந்த இரண்டு ‘மெல்ல’ மட்டும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும்.

போன இதழைப் பார்த்து அலுவலகத்துக்குப் புத்தகக் கட்டுகள் வந்திருக்கின்றன. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் பிரித்து அடுக்க உட்கார்ந்தபோது முதல் கட்டிலேயே ஏழு புத்தகங்களுக்குக் கடைசித் தாள் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் படித்துக் கிழித்தவை, வேண்டாம் என்று ஒதுக்கியவை. அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். ஒரு முகாமில், யாரோ ஒரு அக்கா அதைப் படித்துக் காட்டும்போது, கடைசி வரியில் ஒரு பிள்ளை “அப்புறம்?” என்று கேட்டால் அந்த அக்கா எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்?

நீங்களும் அனுப்புங்கள். கட்டுவதற்கு முன் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.