அஞ்சு வருஷம் முடிஞ்சா அப்புறம் என்ன?

இந்த வாட்டி நம்ம பர்மாத் தமிழ் வாசகருங்ககிட்ட இருந்து வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல வெளிநாட்டு வேலை பத்திதான். ஆனா முக்காவாசிப் பேரு சம்பளம் எவ்வளவுன்னு மட்டுந்தான் கேட்டிருக்கீங்க. கான்ட்ராக்ட் முடிஞ்சா அங்கயே தங்க முடியுமான்னு கேட்டவங்க ஒரு அஞ்சாறு பேருதான், அவங்க கேள்வியயும் அத ஒட்டி வந்த ஒண்ணு ரெண்டையும் மட்டும் இந்த மாசம் எடுத்துக்கிட்டேன், மத்தவங்க கோச்சுக்காதீங்க.

அக்கா, எனக்கு 24 வயசு. ஜப்பான் மொழி என்4 பாஸ் பண்ணிட்டேன். ஏஜென்ட் ரெண்டு வேலை காட்டுறாரு, ஒண்ணு முதியோர் இல்லத்துல கைகோ, அதாவது வயசானவங்கள பாத்துக்குற வேலை, இன்னொண்ணு சாப்பாடு பேக் பண்ற ஃபேக்டரி. சம்பளம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எதுல போனா அங்க செட்டில் ஆகலாம்? அப்புறமா அம்மாவயும் கூட்டிக்கணும்.
– வாசகி, தாமுவே

தங்கச்சி, முதல்ல கசப்பானத சொல்லிடுறேன். அம்மாவ கூட்டிக்க முடியாது. ரெண்டு வழியிலயும் கடைசி வரைக்கும் போனாலும் புருஷன், புள்ளைங்கள மட்டுந்தான் கூட்டிக்க விடுவாங்க, பெத்தவங்களுக்கு அந்த விசா கிடையாது. இத உன் ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டாரு. நீ இத தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணு.

இப்ப வேலைக்கு வருவோம். உனக்கு காட்டுற ரெண்டுமே எஸ்எஸ்டபிள்யூ, அதாவது டொகுடெய் கினோ முதல் நம்பர் விசா. 2019 ஏப்ரல்ல ஆரம்பிச்சது, ஆள் கிடைக்காத தொழிலுக்குன்னே போட்டது, 2024-ல இருந்து அஞ்சு வருஷத்துக்கு 8,20,000 பேரு வரை எடுக்கலாம்னு ஜப்பான் அரசாங்கம் 2024-ல கணக்கு போட்டுச்சு. அதனால ஆள் வேணுங்கறது உண்மை. ஆனா இந்த முதல் நம்பர்ல பொதுவா மொத்தமே அஞ்சு வருஷம்தான், குடும்பத்த கூட்டிட்டுப் போக முடியாது. அஞ்சு வருஷத்துக்குள்ள நீ அடுத்த படி ஏறலன்னா பொட்டிய கட்டிக்கிட்டு நம்ம ரங்கூன் மிங்களாதோன் ஏர்போர்ட்ல வந்து எறங்க வேண்டியதுதான்.

அந்த அடுத்த படி ரெண்டு வேலைக்கும் வேற வேற. ஃபேக்டரின்னா டொகுடெய் கினோ ரெண்டாம் நம்பர். முன்னாடி கட்டட வேலைக்கும் கப்பல் கட்டுறதுக்கும் மட்டுந்தான் இது இருந்துச்சு, 2023-ல 11 தொழிலுக்கு நீட்டுனாங்க, அதுல சாப்பாடு தயாரிக்கிறதும் வந்துடுச்சு. இதுல எத்தனை தடவ வேணா புதுப்பிக்கலாம், குடும்பமும் வரலாம். ஆனா அந்த பரீட்சைக்கு ஒக்காரணும்னா ரெண்டு வருஷமாவது லைன்ல நாலு பேர மேய்ச்ச அனுபவம் இருக்கணும், அத கம்பெனிதான் எழுதிக் குடுக்கணும். அங்கதான் பல பேரு மாட்டிக்கிறாங்க, நாலு வருஷம் ஒரே பெல்ட்டு முன்னாடி நின்னு சோத்துல ஊறுகா வச்சுக்கிட்டே இருந்துட்டு கடைசியில கேட்டா நீ லீடரா இருந்ததே இல்லயேன்னு கைய விரிச்சிடுவாங்க. அதனால இன்டர்வியூவுலயே கேளு, உங்க ஃபேக்டரியில இதுவரைக்கும் யாராவது ரெண்டாம் நம்பருக்கு மாறியிருக்காங்களா, எத்தனாவது வருஷம் லீடர் ஆக்குவீங்கன்னு. அதுக்கு கோவப்படுற கம்பெனின்னா போகவே வேணாம்.

கைகோவுக்கு அந்த ரெண்டாம் நம்பரே கிடையாது. பல பேரு இத கேட்டுட்டு அய்யோ அப்ப கைகோ வேஸ்ட்டுன்னு நெனச்சுக்கிறாங்க, அது தப்பு. கைகோவுக்கு தனியா ஒரு விசா இருக்கு, பேரே 'கைகோ'தான், 2017-ல வந்தது. மூணு வருஷம் வேலை பாத்துட்டு, 450 மணி நேரத்துக்கு ஒரு பயிற்சி முடிச்சுட்டு, ஜனவரி மாசம் நடக்குற தேசியப் பரீட்சைய ஜப்பான் மொழியிலயே எழுதி பாஸ் பண்ணணும். கஷ்டந்தான். ஆனா கான்ஜின்னு சொல்ற சீன எழுத்துக்கு பக்கத்துல படிக்கிற மாதிரி சின்ன எழுத்து போட்ட கேள்வித்தாளும் கேட்டு வாங்கிக்கலாம், 2026 ஜனவரியில இருந்து பகுதி பகுதியா பாஸ் பண்ணிக்கவும் வழி விட்டிருக்காங்க. பாஸ் பண்ணி பதிஞ்சுட்டா விசாவுக்கு வருஷக் கணக்கு வரம்பு இல்ல, குடும்பம் வரலாம். எனக்கு கைகோதான் மேலுன்னு தோணுது, ஏன்னா அங்க உன் கையில இருக்கறது உன் படிப்பு, ஃபேக்டரியில சூப்பர்வைசர் மனசு வச்சாத்தான் உண்டு. ஆனா பெரியவங்கள குளிப்பாட்டி, டயப்பர் மாத்தி, ராத்திரி டியூட்டி பாக்க முடியுமான்னு உன் மனசுகிட்ட நல்லா கேட்டுக்கோ, முடியாதுன்னா ஃபேக்டரிக்கே போ. போறதுக்கு என்4 மட்டும் பத்தாது, கைகோ மொழிப் பரீட்சை தனியா இருக்கு.

அப்புறம் பிஆர், அதாவது நிரந்தரமா தங்குற அனுமதி. பொதுவா பத்து வருஷம் தொடர்ந்து இருக்கணும், அதுல அஞ்சு வருஷமாவது வேலை விசாவுல இருக்கணும். ஆனா முதல் நம்பர்ல இருந்த வருஷம் அந்த அஞ்சுல சேராது, ஜிஷ்ஷுசெய்யா, அதாவது தொழில் பழகுற பயிற்சியாளரா போன வருஷமும் சேராது. மூணு வருஷம் ஜிஷ்ஷுசெய், அஞ்சு வருஷம் முதல் நம்பர், அப்புறம் ரெண்டாம் நம்பர்னு போனவருக்கு எட்டு வருஷம் ஓடியும் அந்த அஞ்சு வருஷக் கணக்கு ஒண்ணுல இருந்துதான் ஆரம்பிக்கும், ஆக மொத்தம் 13. நீ நேரா எஸ்எஸ்டபிள்யூவுல போயி நாலாவது வருஷம் கைகோ விசாவுக்கு மாறிட்டா பத்துலயே முடிச்சிடலாம். சம்பளச் சீட்டு ஒண்ணு கூட தூக்கிப் போடாத. வரி, பென்ஷன், இன்ஷூரன்ஸ் ஒழுங்கா கட்டியிருக்கியான்னு மாசம் மாசமா பாப்பாங்க.

எங்க தம்பி கொரியாவுல பிளாஸ்டிக் கம்பெனியில இ-9 விசாவுல நாலு வருஷம் முடிச்சுட்டான். ஒன்பது மணி நேரம் வேலை, ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம். அவனுக்கு அங்க நிரந்தரமா இருக்க வழி இருக்கா?
– வாசகர், பெகு

இருக்குண்ணே, ஆனா தம்பி உடனே முழிச்சுக்கணும். இ-9-ல ஒரு சுத்து நாலு வருஷம் பத்து மாசம், நல்ல முதலாளியா இருந்தா ஊருக்கு வந்துட்டு இன்னொரு சுத்து போகலாம், ரெண்டு சுத்துலயும் குடும்பம் போக முடியாது. அதுல இருந்து வெளிய வர்ற கதவு இ-7-4-ன்னு ஒரு விசா. கடைசி பத்து வருஷத்துல நாலு வருஷம் கொரியாவுல வேலை பாத்திருக்கணும், கடைசி ரெண்டு வருஷ சராசரி வருமானம் 2 கோடியே 60 லட்சம் வொன் இருக்கணும், கொரிய மொழி ரெண்டாம் லெவல், கம்பெனி பரிந்துரை, எல்லாம் சேத்து 300-க்கு 200 மார்க். 2022-ல வருஷத்துக்கு 2,000 பேருதான் எடுத்தாங்க, 2023-ல அத 35,000 ஆக்கிட்டாங்க. அதுல மாறுனா பொண்டாட்டி புள்ளைங்க போகலாம், அஞ்சு வருஷம் கழிச்சு வருமானமெல்லாம் சரியா இருந்தா எஃப்-5, அது நிரந்தரம்.

உங்க தம்பி ஓவர்டைம் பாக்குறதால வருமானம் சரியா இருக்கும்னு நெனக்கிறேன். மொழிதான் இடிக்கும். ஞாயித்துக்கிழமை ஓவர்டைம கொஞ்சம் விட்டுட்டு கொரிய நீதி அமைச்சகம் நடத்துற மொழி, சமூக வகுப்புல சேரச் சொல்லுங்க. மாசம் கொஞ்சம் பணம் கொறஞ்சு அனுப்பினா வீட்டுல நீங்க யாரும் மொணங்காதீங்க. நான் பாத்த வரைக்கும் பசங்க படிக்காம போறதுக்கு பாதி காரணம் நம்ம வீட்டு போனுதான், "இந்த மாசம் ஏன்டா கம்மி"ன்னு கேட்டுக் கேட்டே அவன படிக்க விடாம பண்ணிடுறோம்.

சிங்கப்பூர்ல ஒர்க் பெர்மிட்டுக்கு இனிமே வருஷ வரம்பே இல்லயாமே, அப்ப பிஆர் மாதிரிதானே?
– வாசகர், தகேத்தா

இல்லப்பா. 2025 ஜூலையில வரம்ப எடுத்தது உண்மை, வேலை பாக்குற வயசு வரம்பையும் அப்ப 63 ஆக்குனாங்க. ஆனா ஒர்க் பெர்மிட்டுல இருந்துக்கிட்டு பிஆருக்கு போட முடியாது, குடும்பத்தயும் வச்சுக்க முடியாது. முதலாளி பெர்மிட்ட ரத்து பண்ணா கொஞ்ச நாள்ல கெளம்பணும். முப்பது வருஷம் இருந்தாலும் அதே கதைதான். தமிழ் பேசுற ஊரு, கோயில் இருக்கு, சம்பளம் இருக்கு, போங்க, ஆனா திரும்பி வரப் போறோம்னு தெரிஞ்சு போங்க, இங்க ஒரு எடத்த வாங்கிப் போடுங்க.

அக்கா, கனடாவுல வயசானவங்கள பாத்துக்குற வேலைக்கு போய் எறங்குனவுடனே பிஆர்னு சொல்லி ஒருத்தர் முன்பணம் கேக்குறாரு. நம்பலாமா?
– வாசகி, பெயர் வேண்டாம்

காசு குடுக்காதம்மா. அவரு முழுப் பொய் சொல்லல, அதுதான் ஆபத்து. அப்படி ஒரு திட்டம் 2025 மார்ச் 31-ல தொறந்தாங்க. ஆனா தொறந்தது அங்கயே வேலை பாத்துக்கிட்டு இருந்தவங்களுக்குத்தான், அதுவும் அன்னைக்கே நெறஞ்சுபோச்சு, வெளிநாட்டுல இருந்து போடுறவங்களுக்கு உண்டான வழிய அப்ப தொறக்கவே இல்ல. பண்ணை, கறி ஃபேக்டரி வேலைக்குன்னு இருந்த இன்னொரு திட்டமும் 2025 மே மாசத்தோட மூடியாச்சு. வெளிநாட்டு ஆள எடுக்குற முதலாளி அந்த ஆள்கிட்ட சேர்ப்புக் காசு வாங்கக் கூடாதுன்னே கனடாவுல சட்டம் இருக்கு. காசு வாங்கி ஆலோசனை சொல்றவரு வக்கீலாவோ அங்க பதிஞ்ச ஆலோசகராவோ இருக்கணும். அவரோட பதிவு நம்பர கேளு, குடுக்க மாட்டாரு.

ஏம்மா, எங்க தாத்தா காலத்துல இருந்து நாம நாடு விட்டு நாடு வந்து பொழச்சவங்கதான். சம்பாரிச்சோமா வந்தோமான்னு இல்லாம பிஆர் பிஆர்னு ஏன் பசங்க மனசக் கெடுக்குறீங்க?
– மூத்த வாசகர், மோல்மேன்

ஐயா, உங்க தாத்தாவும் என் தாத்தாவும் வந்தது மேஸ்திரி கைய நம்பி. வயலுக்கு ஆள் வேணும், அரிசி மில்லுக்கு ஆள் வேணும், ரங்கூன் துறைமுகத்துல மூட்ட தூக்க ஆள் வேணும். 1931 கணக்குல இந்த ரங்கூன்ல பாதிக்கு மேல நம்ம இந்தியாக்காரங்க. அவ்வளவு பேர் வந்தாங்களே, நாம இந்த ஊருக்காரங்கன்னு ஒரு காகிதம் வாங்கி வச்சவங்க எத்தனை பேரு? 1942-ல போர் வந்தப்ப இந்தியாவுக்கு நடந்தே போனாங்க, வழியில செத்தாங்க. 1964-ல அரசாங்கம் கடைய எடுத்துக்கிட்டாங்க, அம்பது நூறு கியாட் நோட்டு செல்லாதுன்னாங்க, லட்சக்கணக்குல கப்பல் ஏறுனாங்க. தங்குன நாம 1982 குடியுரிமைச் சட்டத்துக்கு அப்புறம் 1823-க்கு முன்னாடி உன் பாட்டன் இங்க இருந்தானான்னு கேக்குற கவுண்டர் முன்னாடி நிக்கிறோம். என் சித்தி பையன் மலேசியாவுல ரப்பர் கிளவுஸ் ஃபேக்டரியில பத்து வருஷம் இருந்தான், நல்ல வேலைக்காரன், பத்தாவது வருஷம் பெர்மிட் முடிஞ்சது, அனுப்பிட்டாங்க. அந்த வழியில அதுக்கு மேல எதுவும் கிடையாதுன்னு அவனுக்கு போறப்பவே யாரும் சொல்லல. ரெண்டு கையிலயும் தோல் உரிஞ்சு வந்து நின்னான். அதனாலதான் ஐயா கத்துறேன்.

திரும்பி வர்றது தப்பில்ல. போறப்பவே தெரிஞ்சு போகணும்.

என் பையனுக்கு 22 வயசு. எஸ்எஸ்டபிள்யூ பரீட்சை பாஸ். ஓவிக் கார்டு, அதான் வெளிநாட்டு வேலைக்குப் போறவங்களுக்கு நம்ம அரசாங்கம் குடுக்குற கார்டு, கிடைக்குமா?
– வாசகி, தன்லின்

அம்மா, 2024 பிப்ரவரியில கட்டாய ராணுவச் சட்டத்த அமல்படுத்துனாங்க, அந்த மே மாசத்துல இருந்து ஆம்பளப் பசங்களுக்கு வெளிநாட்டு வேலை அனுமதிய நிறுத்துனாங்க, அப்புறமும் 18-ல இருந்து 35 வரைக்கும் கெடுபிடிதான். விதி மாசத்துக்கு மாசம் மாறுது. கார்டு கையில வர்ற வரைக்கும் ஏஜென்ட்டுக்கு முழுக் காசையும் கட்டாதீங்க. கட்டுன வரைக்கும் ரசீது வாங்குங்க. பரீட்சை பாஸானது வீண் போகாது, பத்து வருஷம் செல்லும்.

வீட்டுக்காரரு ஜப்பான்ல கட்டட வேலை, ரெண்டாம் நம்பர் பாஸ் பண்ணிட்டாரு. என்னையும் ரெண்டு புள்ளைங்களயும் கூப்பிடுறேங்கிறாரு. நான் இப்ப என்ன பண்ணணும்?
– வாசகி, பொட்டதாங்

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி, இந்த மாசம் வந்ததுலயே இதப் படிச்சப்பதான் மனசு நெறஞ்சுச்சு. காகிதத்த எடுத்து தரையில பரப்பு. பீலிக்கான் முனீஸ்வரன் கோயில்ல தாலி கட்டுனதோட விட்டுட்டீங்களா, கோர்ட்டுல கல்யாணப் பத்திரம் போட்டீங்களா? போடலன்னா அவரு லீவுல வர்றப்ப முதல் வேலை அதுதான், கல்யாண போட்டோவ மட்டும் வச்சுக்கிட்டு விசா கேக்க முடியாது. புள்ளைங்க பொறந்த சர்டிபிகேட், குடும்பப் பட்டியல், உன் என்ஆர்சி அடையாளக் கார்டு, மூணுலயும் உன் பேரு ஒரே மாதிரி இருக்கான்னு ஒவ்வொரு எழுத்தா பாரு. நம்ம வீடுங்கள்ல இதுதான் பெரிய தொல்லை, வீட்டுல கூப்பிடுறது ஒரு பேரு, பள்ளிக்கூடத்துல பர்மாப் பேரு, கார்டுல அந்த ஆபீஸ்காரரு காதுல விழுந்த பேரு. சின்னவன் சர்டிபிகேட்ல அப்பா பேரு தமிழ்ப் பேரா இருந்து, அவரோட பாஸ்போர்ட்ல பர்மாப் பேரா இருந்தா, ரெண்டும் ஒரே ஆளுதான்னு வக்கீல்கிட்ட பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கு, அத ஜப்பான் மொழியில மொழிபெயர்த்து வையி. மூத்தவள இப்பவே ஹிரகானா எழுதப் பழக்கு, அங்க போன அடுத்த வாரமே பள்ளிக்கூடத்துல ஒக்காரப் போறா.