ஏஐ நம்ம கருப்பட்டியைச் சொல்லுதா? வாராவாரம் தானாகப் பார்க்க ஒரு வழி

கேள்வி: திசையன்விளையில் கருப்பட்டியும் சில்லுக் கருப்பட்டியும் கடையிலும் ஆன்லைனிலும் விற்கிறோம். ‘சீனி கலக்காத கருப்பட்டி எங்கே வாங்கலாம்’ என்று என் போனில் சாட்ஜிபிடியிடம் கேட்டால் எங்கள் கடையைத்தான் முதலில் சொல்கிறது. சென்னையிலிருக்கும் மருமகன் கேட்டால் எங்கள் பேச்சே இல்லை. ஏஐ பதில்களில் எங்கள் பெயர் வருகிறதா, நல்லபடியாகச் சொல்கிறதா என்று தானாகக் கணக்கெடுக்க முடியுமா? அதற்கு மாதச் சந்தா மென்பொருள் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அண்ணாச்சி, உங்கள் போனில் வருவதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அதே கணக்கில் கடையைப் பற்றிப் பலமுறை பேசியிருப்பீர்கள்; நினைவு வசதி இயங்கினால் ஆளைத் தெரிந்துகொண்டு பதில் சொல்லும். மருமகன் கேட்டதும் ஒரே ஒரு தடவை. அதை வைத்தும் முடிவுக்கு வர முடியாது. ஒரே கேள்வியை ஐந்து தடவை கேட்டால் ஐந்து விதமாகப் பதில் வரும், சொல்லும் கடைகளும் மாறும். ஆகவே ‘வருதா, வரலையா’ என்று பார்க்காமல், ‘நூற்றுக்கு எத்தனை தடவை வருது’ என்று பாருங்கள்.

ஒரு கடைக்குச் சந்தா மென்பொருள் தேவையில்லை. கூகுள் ஷீட், அதோடு இலவசமாக வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (ஷீட்டுக்குள்ளேயே நிரல் எழுதி ஓட்டும் வசதி), ஏஐ நிறுவனங்களின் ஏபிஐ சாவி (நம் நிரல் நேரடியாக ஏஐயிடம் கேள்வி கேட்கும் வழிதான் ஏபிஐ, அதற்கான ரகசியக் கடவுச்சொல் சாவி), இவை போதும். கொஞ்சம் நிரல் தெரிந்த பையன் இரண்டு மூன்று நாளில் கட்டிக் கொடுத்துவிடுவான்.

முதல் வேலை கேள்விப் பட்டியல். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். கடைப் பெயர் இல்லாத கேள்வி 20, பெயர் சொல்லிக் கேட்கும் கேள்வி 6 எழுதுங்கள். இரண்டையும் தனித்தனித் தாளில் வையுங்கள். ‘இன்ன கடைக் கருப்பட்டி எப்படி இருக்கும்’ என்று கேட்டால் பதிலில் பெயர் வராமல் இருக்குமா? அதையும் சேர்த்து எண்ணினால் சதவீதம் சும்மா ஏறி நிற்கும். பெயரில்லாக் கேள்விகள் ‘எங்கே வருகிறோம்’ என்பதற்கு. பெயருள்ளவை ‘என்ன சொல்கிறார்கள்’ என்பதற்கு.

கேள்விகள் வாடிக்கையாளர் வாயில் வருகிற மாதிரி இருக்கட்டும். உங்களுக்கு வரும் வாட்ஸ்அப் விசாரணைகளிலிருந்தே எடுக்கலாம். ‘குழந்தைக்குக் கொடுக்க நல்ல கருப்பட்டி’, ‘சுக்குக் காபிக்கு எது நல்லது’, ‘சுண்ணாம்பு வாசம் இல்லாத கருப்பட்டி’, இப்படி. ஒருவர் கருப்பட்டி என்பார், இன்னொருவர் பனைவெல்லம் என்பார், ஆங்கிலத்தில் கேட்பவர் பாம் ஜாக்கரி என்பார். மூன்றுக்கும் வரும் கடைகள் ஒன்றாக இருக்காது. ‘உடன்குடி’ என்ற ஊர்ப் பெயர் போட்டு ஐந்து கேள்வி, போடாமல் மீதி என்று வையுங்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருப்பதால் ஊர்ப் பெயர் வந்தாலே பதில் அந்தப் பக்கம் சாயும். திசையன்விளைக் கடைக்கு அது தெரிந்தாக வேண்டும்.

அடுத்து எதனிடம் கேட்பது. ஓப்பன்ஏஐ (சாட்ஜிபிடியின் நிறுவனம்), கூகுளின் ஜெமினி, பெர்ப்ளெக்சிட்டி மூன்றுக்கும் ஏபிஐ உண்டு. முதலிரண்டிலும் இணையத் தேடல் வசதியை நாம்தான் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் பழைய பயிற்சி நினைவிலிருந்து பதில் வரும். போன மாதம் நீங்கள் மாற்றிய விலைப் பட்டியல் அதற்குத் தெரியாது. தேடல் போட்டால் பதிலோடு எந்தெந்தப் பக்கத்தைப் பார்த்தது என்ற இணைப்பும் வரும். அதுதான் இந்த வேலை முழுவதிலும் விலைமதிப்புள்ள பகுதி. ஓப்பன்ஏஐ தேடலில் ஊரைக் குறிப்பிட இடமுண்டு. சென்னை என்று ஒன்று, திருநெல்வேலி என்று ஒன்று வையுங்கள். கூகுள் தேடலின் மேலே வரும் ஏஐ சுருக்கத்துக்கு நேரடி ஏபிஐ கிடையாது. அதை மாதம் ஒரு தடவை மறைநிலைச் சன்னலில் கையால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிரவுசரை ரோபோ வைத்து ஓட்டிச் செயலிகளிலிருந்து பதிலை உருவும் வித்தை வேண்டாம். விதிமீறல் என்று கணக்கை முடக்குவார்கள், பக்க அமைப்பு மாறும்போதெல்லாம் நிரலும் உடையும். ஏபிஐ பதிலும் செயலிப் பதிலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது என்பதும் உண்மை. ஆனால் வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க ஏபிஐ போதும்.

எத்தனை தடவை? 26 கேள்வி, 3 இயந்திரம், ஒவ்வொன்றும் 5 தடவை. மொத்தம் 390. சென்னை, நெல்லை என்று ஓப்பன்ஏஐயை இரண்டாக ஓட்டினால் 520. பெயரில்லாக் கேள்வியில் ஒரு இயந்திரத்துக்கு 100 பதில் கிடைக்கும். அதில் 40 தடவை பெயர் வந்தால் உண்மை நிலவரம் ஏறக்குறைய 30-லிருந்து 50-க்குள் எங்கோ இருக்கும். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பதால் இந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் அகலம்தான். ஆகவே போன வாரம் 40, இந்த வாரம் 36 என்றால் பதற ஒன்றுமில்லை. நாலு வாரச் சராசரி இறங்கினால் பாருங்கள். தனிக் கேள்வியில் ஐந்துக்கு மூன்று, இரண்டாகிவிட்டது என்பதற்கு அர்த்தமே கிடையாது.

ஓட்டும்போது வரும் சிக்கல்கள். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம்தான் விடும். தேடலோடு ஒரு பதில் வர 20 நொடி என்று வைத்தால் ஒரு ஓட்டத்தில் 15 கேள்விக்கு மேல் போடாதீர்கள். எந்த வரிசையில் நின்றது என்று எழுதி வைத்து, அடுத்த ஓட்டம் அங்கிருந்து தொடர வேண்டும். 30 நிமிடத்துக்கு ஒரு ட்ரிக்கர் (நேரம் வந்ததும் நிரலைத் தானாக ஓட்டும் வசதி) வையுங்கள். சாதாரண ஜிமெயில் கணக்குக்கு ட்ரிக்கர் ஓட்டம் நாளொன்றுக்கு மொத்தம் 90 நிமிடம்தான் என்பதால் வேலை இரண்டு மூன்று நாளுக்கு நீளும். அது நல்லதே, பதில்கள் ஒரே நேரத்தில் குவியாது. ஏபிஐ சாவியை ஷீட்டின் கட்டத்தில் எழுதாமல் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் அமைப்புகளில் உள்ள ஸ்கிரிப்ட் பிராப்பர்ட்டீஸில் வையுங்கள். கட்டத்தில் இருந்தால், ஷீட்டை யாருக்காவது பகிரும்போது சாவியும் போய்விடும். தேடலுக்குத் தனிக் கட்டணம் உண்டு, எனவே முதல் நாளே மாதச் செலவு வரம்பைப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. வேகம் அதிகமானால் 429 என்ற பிழை திரும்பி வரும். நிரல் அதை வெற்றுப் பதிலாக எடுத்து ‘பெயர் இல்லை’ என்று எழுதிவிடும்; ஒரு வாரம் சதவீதம் திடீரென்று பாதாளத்துக்குப் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். பிழை வந்தால் ‘பிழை’ என்றே எழுதி, சற்றுப் பொறுத்து மறுபடி கேட்க வேண்டும்.

பெயரைத் தேடுவதில் தமிழுக்கென்றே இரண்டு வில்லங்கம் உண்டு. ‘ொ’ என்ற குறி ஒரே யூனிகோடு எண்ணாகவும் வரும், ‘ெ’, ‘ா’ என்று பிரிந்தும் வரும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் நிரலுக்கு இரண்டும் வேறு. பதிலையும் உங்கள் பெயரையும் என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு முறை) மாற்றிவிட்டுத் தேடுங்கள். இரண்டாவது, வேற்றுமை. கடைப் பெயர் ‘பவனம்’ என்று முடிந்தால் பதிலில் ‘பவனத்தில்’ என்று வரும். ‘பவனம்’ தேடுகிற நிரல் அதைத் தாண்டிப் போய்விடும். ‘பவன’ வரை மட்டும் தேடச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தில் வரக்கூடிய நாலைந்து எழுத்துக்கூட்டலையும் சேருங்கள். நம் பக்கம் சாமி பெயர்க் கடைகள் தெருவுக்கு நாலு. அதனால் பெயரோடு ஊரோ இணைய முகவரியோ வந்தால்தான் உங்கள் கடை என்று எண்ணுங்கள். மற்றதைச் ‘சந்தேகம்’ என்று ஒதுக்கிக் கையால் பாருங்கள்.

நல்லபடியாகச் சொல்கிறதா என்பதற்கு ஒற்றை மதிப்பெண் போடுவதில் பயனில்லை. ஏஐ பெரும்பாலும் வழவழவென்று நடுநிலையாகவே பேசும். எல்லாம் ‘நடுநிலை’ என்று வந்து நிற்கும். தூய்மை, விலை, பேக்கிங், டெலிவரி என்று நாலாகப் பிரியுங்கள். பதிலை இன்னொரு ஏஐயிடம் கொடுத்து இப்படிக் கேளுங்கள்: ‘இந்தக் கடையைப் பற்றிய வாக்கியங்களை மட்டும் பார். நான்கிலும் சாதகம், பாதகம், பேச்சில்லை என்று ஒன்றை எழுது. ஆதார வாக்கியத்தை அப்படியே எடுத்துக் கொடு. கருப்பட்டியின் பொதுக் குணத்தைக் கடையின் குறையாக எடுக்காதே.’ கடைசி வரி முக்கியம். ‘மழைக்காலத்தில் இளகும்’ என்று பதிலில் வந்தால் அது எந்தக் கருப்பட்டிக்கும் உள்ளதுதான், ஆனால் ஏஐ பாதகம் என்று குறித்துவிடும். எடுத்துக் கொடுத்த வாக்கியம் பதிலில் நிஜமாகவே இருக்கிறதா என்றும் நிரல் சரிபார்க்கட்டும்; இல்லாததைச் சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு. முதலில் 50 பதிலை நீங்களே படித்துக் குறித்து, ஏஐ குறித்ததோடு ஒப்பிடுங்கள். 45-க்குக் கீழே ஒத்துப்போனால் ஏஐக்குக் கொடுத்த அந்த அறிவுரையைத் திருத்துங்கள்.

‘தப்பான தகவல்’ என்று ஷீட்டில் ஒரு நெடுவரிசை தனியே வையுங்கள். இல்லாத கிளை, பழைய போன் எண், விற்காத சரக்கு, இவை பாதகக் கருத்து அல்ல, பிழை. உடனே திருத்த முடிந்ததும் இவைதான். முழுப் பதில், அதோடு வந்த இணைப்புகள், தேதி, பதில் சொன்ன ஏஐ மாடலின் முழுப் பெயர் நான்கையும் சேமித்து வையுங்கள். மாடல் மாறிய வாரத்தில் ஒரு கோடு போட்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை ஒப்பிடாமல் விடுங்கள்.

இரண்டு மாதம் ஓடிய பிறகு இணைப்புகளைச் சேமித்த நெடுவரிசையைத் திறந்து, போட்டிக் கடைகளைச் சொன்ன பதில்கள் எந்தப் பக்கங்களைக் காட்டின என்று வரிசைப்படுத்துங்கள். அந்தப் பக்கங்களில் உங்கள் பெயர் இல்லையென்றால் வேலை அங்கே இருக்கிறது. உங்கள் தளத்தின் ரோபோட்ஸ் கோப்பையும் (எந்தத் தானியங்கி நிரல் உள்ளே வரலாம், கூடாது என்று சொல்லும் robots.txt) பாருங்கள். ‘ஏஐக்கு எதுவும் கொடுக்காதே’ என்று யாரோ மொத்தமாக அடைத்திருக்கலாம். பயிற்சிக்கு எடுக்கும் ஜிபிடிபாட்டை அடைப்பது உங்கள் விருப்பம். தேடலுக்கு வரும் ஓஏஐ-சர்ச்பாட்டை அடைத்தால் சாட்ஜிபிடி தன் தேடல் பதில்களில் உங்கள் பக்கத்தை எடுத்துக் காட்டாது. பெர்ப்ளெக்சிட்டிபாட்டும் அப்படியே. சாட்ஜிபிடி வழியாக ஆள் வந்தால் முகவரியின் கடைசியில் பெரும்பாலும் யுடிஎம் சோர்ஸாக (எங்கிருந்து வந்தார் என்ற குறிப்பு) சாட்ஜிபிடி டாட் காம் என்று ஒட்டியிருக்கும். கூகுள் அனலிட்டிக்ஸில் அதை வடிகட்டிப் பார்த்தால், பெயர் வந்ததில் ஆர்டர் வந்ததா என்பதும் ஓரளவு தெரியும்.