பட்டறையை இழந்த கல்லூரிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு படிக்கிறேன். எங்கள் ஆசிரியர்கள் எதற்கெடுத்தாலும் சீனாவைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் அங்கேயே பொறியியல் கல்வி சரியில்லை, மாற்றவேண்டும் என்று பல வருடங்களாகப் பேசிக்கொண்டிருப்பதாக ஒரு கட்டுரையில் படித்தேன். அதிவேக ரயிலும் அத்தனை பாலங்களும் கட்டியவர்களுக்கு என்ன குறை?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

ரயிலும் பாலமும் உண்மை, குறையும் உண்மை. மனப்பாடம், தேர்வு என்று இரண்டு சொல்லில் அந்தக் குறையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கல்லூரிக்கும் ஆலைக்கும் நடுவே இருந்த கதவு எப்போது சாத்தப்பட்டது என்று பார்க்கவேண்டும்.

1952ல் சோவியத் முறைப்படி சீன உயர்கல்வியைக் கலைத்து அடுக்கினார்கள். சிங்ஹுவா பல்கலைக்கழகம் கலை, அறிவியல் துறைகளை இழந்து பொறியியல் கல்லூரியானது. எஃகுக்கு ஒரு கல்லூரி, விமானத்துக்கு ஒன்று, நிலவியலுக்கு ஒன்று. மிகக் குறுகலான படிப்புதான். ஆனால் இப்படிப் பல கல்லூரிகளும் அந்தந்தத் துறையின் ஆலைகளும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இருந்தன. பயிற்சிக்கு மாணவன் போய் நின்றால் ஆலை கதவைத் திறந்தாகவேண்டும்.

சந்தைப் பொருளாதாரம் வந்ததும் ஆலைகள் லாபக் கணக்கு பார்க்கத் தொடங்கின. மாணவர்களை உள்ளே விட்டால் உற்பத்தி தடைபடும், விபத்து நடந்தால் யார் பொறுப்பு? 1998ல் பல தொழில்துறை அமைச்சகங்களே கலைக்கப்பட்டன. அவற்றின் கல்லூரிகள் கல்வி அமைச்சகத்துக்கும் மாகாணங்களுக்கும் கைமாறின. அதே ஆண்டு இளநிலைப் பாடப்பிரிவுகளை 504லிருந்து 249ஆகக் குறைத்தார்கள். அது நல்ல காரியம். மறு ஆண்டே சேர்க்கையைத் திறந்துவிட்டார்கள். 1998ல் உயர்கல்வியில் சேர்ந்தவர்கள் சுமார் 10.8 லட்சம் பேர், 2005ல் 50 லட்சம். இத்தனை பேரை எந்த ஆலை ஏற்கும்? பயிற்சி என்பது வரிசையாகப் போய் எந்திரங்களைப் பார்த்துத் திரும்புவது என்றானது. குதிரையில் போய்க்கொண்டே பூப்பார்ப்பது என்று சீனத்தில் ஒரு சொலவடை உண்டு. அதைத்தான் இதற்கும் சொல்கிறார்கள்.

இதில் என்னை வருத்துவது, விடை அவர்களிடமே இருந்தது என்பதுதான். மாவ் யீஷெங் என்ற பாலப் பொறியாளர் 1920களிலேயே முதலில் கைப்பழக்கம், பிறகு கோட்பாடு என்று வாதாடினார். அவர் வகுப்பில் மாணவன்தான் கேள்வி கேட்கவேண்டும், கேள்வியின் தரத்துக்கு மதிப்பெண். ஆசிரியரால் பதில் சொல்ல முடியாவிட்டால் முழு மதிப்பெண்! ஹாங்சோவில் சியென்தாங் ஆற்றின்மேல் பாலம் கட்டியபோது பொறியியல் மாணவர்களைக் கட்டுமான இடத்துக்கே வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். 1937 செப்டம்பரில் பாலத்தில் ரயில் ஓடியது. டிசம்பர் 23 அன்று, ஜப்பானியப் படை நெருங்கியபோது, அவரே அதை வெடிவைத்துத் தகர்க்க வேண்டியிருந்தது. போருக்குப் பின் திரும்பக் கட்டியதும் அவர்தான். அந்தப் பாலத்தில் வேலை பழகிய மாணவனுக்குப் பொறியியல் என்றால் என்னவென்று எந்தப் பாடநூலும் தனியாகச் சொல்லவேண்டியிருந்திருக்காது.

இன்றைய பேராசிரியர் பலர் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு வகுப்பெடுக்க வந்தவர்கள். ஆலையில் ஒரு நாள்கூட வேலை பார்த்திராதவர் எதைக் கற்றுக்கொடுப்பார்? பதவி உயர்வும் ஆய்வுக்கட்டுரைகளை எண்ணித்தான் கிடைத்தது. 2020ல் அரசே அந்த எண்ணிக்கை மோகத்துக்கு எதிராக ஆணையிட வேண்டியிருந்தது.

சீர்திருத்தங்களுக்குப் பஞ்சமில்லை. 2010ல் சிறந்த பொறியாளர் திட்டம், 2016ல் பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினர், 2017ல் 'புதிய பொறியியல்' என்ற பாடத்திட்ட மாற்றம். பாடத்திட்டத்துக்குப் புதுப் பெயர் வைப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் 2025 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள பட்டச் சட்டம் முக்கியமானது. தொழில்சார் பட்டத்துக்கு ஆய்வேட்டுக்குப் பதிலாகச் செய்துகாட்டிய வேலையையே முன்வைக்கலாம். ஒரு கருவி, ஒரு வடிவமைப்பு, எதுவானாலும். அதை மதிப்பிட உட்காரும் குழுவில் ஆலையில் உழைத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்.