120 கேஸ் நெருங்கிவிட்டது, முதல் ஸ்க்ரப் மட்டும் குறைகிறதே?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சர்ஜிக்கல் டெக்னாலஜி படிப்புக்கு கிளினிக்கல் கோஆர்டினேட்டராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன் 11 வருடம் ஆபரேஷன் தியேட்டரில் ஸ்க்ரப் டெக்காக, அதாவது சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுப்பவராக, வேலை பார்த்தேன். இப்போது 14 மாணவர்கள் என் பொறுப்பில் இருக்கிறார்கள். படிப்பு முடிய ஏழு வாரம்தான் பாக்கி. அதற்குள் ஒவ்வொருவரும் 120 கேஸில், அதாவது அறுவையில், நின்றிருக்க வேண்டும். எல்லோருக்கும் 100 கேஸுக்கு மேல் ஆகிவிட்டது, ஆனால் ஆறு பேருக்கு முதல் ஸ்க்ரப் (முக்கிய வேலையை மாணவரே செய்த கேஸ்) ரொம்பக் குறைவு. "முதல் ஸ்க்ரப் என்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள், எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்கிறார் ஒரு ப்ரிசெப்டர் (தியேட்டரில் மாணவருக்குக் கூட நின்று கற்றுக்கொடுப்பவர்). இதற்கிடையில் ஒருவர், தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்தால் ஒரு நாளைக்கு 15 கேஸ் கிடைக்கும் இடமாகப் பார்த்து ஏற்பாடு செய்வதாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். அந்த மின்னஞ்சலுக்குப் பதிலும் எழுதாதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டேன், இனி மற்றதைப் பேசலாம்.

11 வருடம் நின்றவருக்குத் தியேட்டர் புதிதில்லை, கணக்குதான் புதிது. சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்ட்கள் சங்கமான ஏஎஸ்டி வெளியிடும் பாடத்திட்டத்தில் 120 என்ற எண் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதற்குள்ளே இருக்கும் 80 என்ற எண்ணைப் பலரும் கடைசி மாதத்தில்தான் கவனிக்கிறார்கள். பொது அறுவையில் 30 கேஸ் வேண்டும், அதில் குறைந்தது 20 முதல் ஸ்க்ரப். மற்ற பிரிவுகளில் 90 கேஸ், அதில் குறைந்தது 60 முதல் ஸ்க்ரப். அந்த 60-ம் ஒரே இடத்தில் குவியக்கூடாது. குறைந்தது நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 முதல் ஸ்க்ரப் இருக்க வேண்டும். மிச்சமுள்ள 20 எந்தப் பிரிவில் வந்தாலும் சரி. ஆக முதல் ஸ்க்ரப் 80, இரண்டாம் ஸ்க்ரப்பாக (உதவிக்கு நின்ற கேஸாக) அதிகபட்சம் 40 ஒப்புக்கொள்வார்கள். சும்மா நின்று பார்த்த கேஸைப் பதிவு செய்ய வேண்டும், ஆனால் 120-ல் சேர்க்க முடியாது.

அதனால் மாணவர் வந்து "மேடம், எனக்கு 112 ஆகிவிட்டது" என்றால் சந்தோஷப்படாதீர்கள். அதில் முதல் ஸ்க்ரப் எத்தனை, எந்தெந்தப் பிரிவில் என்று கேளுங்கள்.

முதல் ஸ்க்ரப் எது என்பதில் மனம்போன முடிவுக்கு இடமில்லை. ஐந்து வேலையையும் மாணவர் செய்திருக்க வேண்டும்: தேவையான பொருளும் கருவியும் வந்துவிட்டனவா என்று சரிபார்ப்பது, மருந்து, திரவங்கள் உட்பட ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) மேசையை அமைப்பது, சர்குலேட்டரோடு (ஸ்டெரைல் பகுதிக்கு வெளியே நின்று உதவும் நர்ஸோடு) சேர்ந்து தொடக்கத்திலும் காயத்தை மூடுவதற்கு முன்பும் கவுண்ட் எடுப்பது, அதாவது ஸ்பாஞ்சு, ஊசி, கருவிகளை எண்ணிச் சரிபார்ப்பது, அறுவை நடக்கும்போது கருவிகளை எடுத்துக் கொடுப்பது, கடைசிவரை ஸ்டெரைல் முறை கெடாமல் பார்த்துக்கொள்வது. நான்கைச் செய்து ஒன்றை விட்டால் அது இரண்டாம் ஸ்க்ரப். 'ஏறக்குறைய முதல்' என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

உங்கள் ஆறு பேருக்கும் கணக்கு எங்கே ஒழுகுகிறது என்று நான் பார்க்காமலே ஓரளவு சொல்ல முடியும். காலை 6.30-க்கு மாணவர் உள்ளே வருவதற்குள் இரவு ஷிஃப்ட் ஆள் மேசையை விரித்து வைத்திருப்பார். அமைக்கும் வேலை போச்சு. அடுத்த கேஸுக்கு நேரமாகிறது என்று ப்ரிசெப்டரே சர்குலேட்டரோடு கடகடவென்று கவுண்ட் முடித்துவிடுவார். லேப்பராஸ்கோப்பி கேஸில் மாணவர் கையில் கேமராவைக் கொடுத்துவிடுவார்கள். மாணவருக்கோ பெருமை தாங்காது, திரையில் பித்தப்பை பளிச்சென்று தெரிகிறது, ஆனால் கேமராவைப் பிடித்து நின்றது இரண்டாம் ஸ்க்ரப் வேலை. இதெல்லாம் போக, மதிய உணவுக்கு மாற்றிவிடுவது. 12 மணிக்கு வெளியே போய், திரும்பும்போது கடைசி கவுண்ட் முடிந்திருந்தால் காலையிலிருந்து நின்றதெல்லாம் ஒரு படி இறங்கிவிடும்.

ஒவ்வொருவரின் பதிவையும் எடுத்து, இரண்டாம் ஸ்க்ரப் என்று போட்ட கேஸ்களில் அந்த ஐந்தில் எது விட்டுப்போனது என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும். கவுண்ட் என்றால் ப்ரிசெப்டரிடம் பேச வேண்டும், மேசை என்றால் மாணவர் அரை மணி நேரம் முன்னால் வர வேண்டும். இரண்டும் ஒரு வாரத்தில் திருத்தக்கூடியவை.

அந்த ப்ரிசெப்டர் சொன்னதற்கு வருகிறேன். படிப்பு முடித்த சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்ட்கள் எழுதும் சிஎஸ்டி சான்றிதழ்த் தேர்வில் 175 கேள்விகள், மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்வது 150. அத்தனையும் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். கை வேலையை அந்தத் தேர்வு சோதிப்பதே இல்லை. இந்தப் பெண்ணால், இந்தப் பையனால் தனியாக மேசையை அமைக்க முடியும் என்று உலகத்துக்குச் சொல்லும் ஒரே தாள் நீங்கள் கையெழுத்துப் போடும் அந்தப் பதிவுதான். டெக்சஸ், நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் சட்டமே சான்றிதழைக் கேட்கிறது. அதை நம்பி ஒரு மருத்துவமனை அவர்களைத் தியேட்டருக்குள் விடும். அங்கீகாரக் குழு நேரில் வந்து பதிவுகளைப் புரட்டும்போது மாட்டுவீர்கள் என்பதும் உண்மைதான். அது உங்கள் வேலையைப் பற்றிய கவலை. அதற்கு முன் நான் சொன்னது அந்தத் தியேட்டரில் படுத்திருக்கும் நோயாளியைப் பற்றிய கவலை.

இனி அந்த மின்னஞ்சல். இந்த ஆட்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 15 கேஸ் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. எந்தத் தியேட்டரில் ஒரு மாணவருக்கு ஒரே நாளில் 15 முதல் ஸ்க்ரப் கிடைக்கும்? எண்டோஸ்கோப்பி அறையில்தான் அந்த வேகத்தில் நோயாளிகள் வந்து போவார்கள். கொலனோஸ்கோப்பி, வயிற்று எண்டோஸ்கோப்பி, மறுபடி கொலனோஸ்கோப்பி. அங்கே மாணவரை உள்ளே விட அனுமதி வாங்குவது எளிது. அதை வாங்கித்தான் இவர்கள் விற்கிறார்கள். விதி என்ன சொல்கிறது தெரியுமா? நோயறிதல் எண்டோஸ்கோப்பி எத்தனை செய்தாலும் 10-க்கு மேல் எண்ணக்கூடாது. அந்தப் பத்தும் இரண்டாம் ஸ்க்ரப் கணக்கில்தான் சேரும். உங்கள் மாணவர் நான்கு நாள் போய் 60 கேஸோடு திரும்பினால், 10 எண்ணலாம், 50 வீண். அவர்களுக்குத் தேவையான முதல் ஸ்க்ரப்பில் ஒன்றுகூட ஏறியிருக்காது. பணம் மட்டும் போயிருக்கும்.

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 'ஸ்கோப்பி' என்று முடிகிற எல்லாமே இந்தப் பத்துக்குள் அடைபடுமா? இல்லை. கருவி உடலில் எங்கே போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கிருமிநீக்கத்தில் ஸ்பால்டிங் வகைப்பாடு என்று ஒன்று படித்திருப்பீர்கள். கிருமியே இருக்கக்கூடாத திசுவுக்குள் போகும் கருவி உச்ச ஆபத்து வகை. வாய், குடல், சிறுநீர்ப் பாதை மாதிரி சளிச்சவ்வைத் தொடும் கருவி இடைநிலை வகை. கொலனோஸ்கோப்பி, சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பை), ப்ராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்), ஈஆர்சிபி (பித்தநாளம், கணையநாளம்) எல்லாம் இடைநிலை. இவைதான் நோயறிதல் எண்டோஸ்கோப்பி என்ற தனிக் கட்டத்தில் போக வேண்டியவை, சிஸ்டோஸ்கோப்பி என்பதற்காக யூராலஜியில் போடக்கூடாது. ஆனால் ஆர்த்ரோஸ்கோப்பி மூட்டுக்குள் போகிறது, லேப்பராஸ்கோப்பி வயிற்றறைக்குள் போகிறது. இரண்டும் உச்ச ஆபத்து வகை, அதனால் அறுவையாகவே கணக்கு: முதலாவது எலும்புப் பிரிவில், இரண்டாவது என்ன செய்தார்களோ அந்தப் பிரிவில். இவற்றுக்கு 10 என்ற வரம்பு கிடையாது, ஐந்து வேலையும் செய்திருந்தால் முதல் ஸ்க்ரப்பாகவே போடலாம். ஒரு கோஆர்டினேட்டர் பயந்துபோய் ஒரு மாணவியின் முழங்கால் ஆர்த்ரோஸ்கோப்பி அத்தனையையும் அந்தத் தனிக் கட்டத்தில் தள்ளி, அவளுக்கு எலும்புப் பிரிவில் பத்து இல்லை என்று நிறுத்தி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். தப்பு இரண்டு பக்கமும் நடக்கும்.

சுகப்பிரசவமும் அப்படித்தான், ஐந்துவரை, இரண்டாம் ஸ்க்ரப்பாக. அதைக் கட்டாயமாக்கவும் இல்லை.

தரகரிடம் இன்னொரு கோளாறு. மாணவர் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு இடத்துக்கும் உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நேரடியாகக் கையெழுத்தான ஒப்பந்தம் இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் வைத்திருக்கும் ஒப்பந்தம் உங்களுக்கு உதவாது. மாணவர் கையில் ஊசி குத்திவிட்டால் யார் பொறுப்பு என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள், அப்புறம் மின்னஞ்சல் வராது. 'நாங்கள் அங்கீகாரம் பெற்றவர்கள்' என்று கீழே ஒரு முத்திரை இருக்கும். இந்தத் துறையில் ஏஆர்சி-எஸ்டிஎஸ்ஏ என்ற குழு பரிந்துரைத்து கேஹெப் என்ற அமைப்பு அங்கீகரிப்பது படிப்பைத்தான். இடம் பிடித்துத் தரும் ஆளுக்கு அப்படி ஓர் அங்கீகாரம் கிடையாது.

இவர்களுக்கு ஏன் பிழைப்பு நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். நேர்வழி அவ்வளவு மெதுவாக இருக்கிறது. ஒரு மருத்துவமனையோடு எனக்கு ஒப்பந்தம் முடிய ஒன்பது மாதம் ஆனது. இழப்பீடு பற்றிய ஒரே ஒரு வாக்கியம், அவர்கள் வக்கீல் திருத்துவார், எங்கள் வக்கீல் பழையபடி மாற்றுவார். கையெழுத்தான கையோடு அந்த மருத்துவமனையை வேறொரு குழுமம் வாங்கிவிட்டது, புது வக்கீல், மறுபடி முதலிலிருந்து. இது போதாதென்று மாணவரின் சான்றுகளை ஏற்ற மருத்துவமனைக்கு ஒரு போர்ட்டல். ஒரே ஹெபடைடிஸ் பி சான்றை மூன்று இடத்தில் ஏற்ற வேண்டும், மூன்று இடத்துக்கும் மாணவர்தான் பணம் கட்ட வேண்டும். தியேட்டர்களில் ஆள் பற்றாக்குறை என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் இதை ஏன் சரிசெய்ய மாட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதே பற்றாக்குறையால் இன்னொரு வலையும் வரும். "உங்களுக்கு முதல் ஸ்க்ரப்தானே வேண்டும், எட்டாம் அறையில் ஆள் இல்லை, உங்கள் மாணவர் நிற்கட்டுமே" என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும். ஊழியருக்குப் பதிலாக மாணவரை நிறுத்தக்கூடாது என்று அங்கீகார விதியில் வெளிப்படையாகவே இருக்கிறது. ப்ரிசெப்டர் அந்த அறையில் கூட இருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் மாணவி ஒருத்தி ஹெர்னியா கேஸில் தனியாக நின்று, ஒரு ஸ்பாஞ்சு குறைகிறது என்று கண்டுபிடித்து, சொல்லப் பயந்து, கடைசியில் சொன்னாள். எக்ஸ்ரே எடுத்து, குப்பைப் பையில் தேடி எடுத்தார்கள். எதுவும் ஆகவில்லை. அந்த இடத்துக்கு நான் அதற்குப் பிறகு மாணவர்களை அனுப்பவில்லை.

சரி, ஏழு வாரத்தில் என்ன செய்வது? அறையை மாற்றுங்கள். உங்கள் ஆறு பேரில் யாராவது ரோபோ அறையிலோ இதய அறையிலோ இருந்தால் உடனே வெளியே எடுங்கள். அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, ஆனால் நாள் முழுக்க நின்றால் ஒரு கேஸ், மிஞ்சினால் இரண்டு. கண்புரை, காது மூக்கு தொண்டை, கை மணிக்கட்டு மாதிரி குறுகிய அறுவைகள் வரிசையாக நடக்கும் அறைகளில் போடுங்கள். மேசை சிறியது, மாணவரே அமைக்கலாம், கவுண்ட் எடுக்கலாம், மதிய உணவுக்கு முன்பே முழுதாக நான்கைந்து முடியும். அன்றே திரும்பிப்போகும் நோயாளிகளுக்கான அறுவை மையத்தோடு உங்களுக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். முதலில் நான்கு பிரிவில் பத்துப் பத்தை நிரப்புங்கள், அதன் பிறகு மிச்சத்தைக் கண்புரையில் சேர்த்தால்கூடத் தடையில்லை. பொது அறுவையில் குறைந்தால் ஹெர்னியா, கட்டி அகற்றுவது மாதிரி கேமரா இல்லாத கேஸ்களைக் கேட்டு வாங்குங்கள்.

கணக்கை உயர்த்த ஒரே நோயாளியை இரண்டாக எழுதும் பழக்கமும் உண்டு. ஒரே நோய்க்கு எத்தனை படி செய்தாலும் ஒரே கேஸ்தான். லேப்பராஸ்கோப்பியில் தொடங்கித் திறந்து முடித்த பித்தப்பையும் ஒன்றுதான். விபத்தில் வந்தவருக்குக் குடலும் தைத்து, தொடை எலும்பும் பொருத்தினால் இரண்டு வெவ்வேறு பிரிவு, அப்போது இரண்டு எழுதலாம்.

எல்லாம் செய்தும் ஒருவருக்கோ இருவருக்கோ எட்டவில்லை என்றால் 'முடிவுறாதது' என்று கிரேடு போட்டு அடுத்த சில வாரங்களில் முடிக்க விடுங்கள். ரெஜிஸ்ட்ரார் அலுவலகம் படிவத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பும், மூன்றாம் முறை வாங்கிக்கொள்ளும். மாணவரிடம் இதை இந்த வாரமே சொல்லிவிடுங்கள், பட்டமளிப்புக்கு வீட்டார் எல்லாம் கிளம்பி வந்த பிறகு சொல்லாதீர்கள்.

நாளைக் காலை ஆறு பேரின் பெயரையும், ஒவ்வொரு பெயருக்கு எதிரே எந்தப் பிரிவில் எத்தனை முதல் ஸ்க்ரப் வேண்டும் என்பதையும் ஒரே தாளில் எழுதி, தியேட்டர் அட்டவணை போடுபவர் கையில் நேரில் கொடுங்கள். மின்னஞ்சல் அனுப்பாதீர்கள், அவர் படிக்க மாட்டார்.